டிவியில செத்துப்போன எங்க ட்ரம்மர்

அந்துருண்டை வாசம்...

எங்க அடிச்சாலும் சரி, எனக்கு உடனே எரிச்சல் வரும். எல்லாம் ஒரு கறுப்பு ஜாக்கெட்டால வந்த வினை.

ஈப்போ வெயில்ல, மத்தியானம் ரெண்டு மணிக்கு, வாடகைக்கு எடுத்த, அந்துருண்டை வாசம் அடிக்கிற லெதர் ஜாக்கெட்ட எங்க நாலு பேருக்கும் மாட்டிவிட்டு, "ராக் பேண்ட்னா இப்படித்தான் இருக்கணும் தம்பி"ன்னாரு டிவி டிராமா டைரக்டர். நாங்க நெஜமாவே பேண்ட்லா! கல்யாண டின்னர்ல வருஷக்கணக்கா வாசிச்சிட்டு இருந்தோம். ஒரு நாளாவது ஜாக்கெட் போட்டிருப்போமா?

எங்க பேண்ட் பேரு "ஆறாங்கட்டை". சேகர் ட்ரம்ஸ், குமார் பாட்டு, ரவி கீபோர்ட், நான் கித்தார். எங்க எஸ்டேட்ல கித்தா ரப்பர் மரத்தையெல்லாம் வெட்டி எண்ணெய்க்கு செம்பனை போட்டப்புறம், வேலைக்குப் போறவங்க பிள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக்கொட்டகை சும்மா கெடந்துச்சு. அங்கதான் பிராக்டிஸ்.

டிராமாவுல நாங்க "கருந்தீ". பேரப் பாருங்க!

என் கித்தார்ல வயரே குத்தல. கீபோர்டுக்கு கரண்ட் இல்ல. சத்தம் வரக்கூடாதுன்னு சேகரோட சிம்பல் தட்டுல துண்டைப் போட்டு மூடிட்டாங்க. அப்பவும் அவன் நெஜமாவே அடிச்சான், வேர்த்து ஊத்த ஊத்த... அவனுக்குப் பொய்யா அடிக்கத் தெரியாது.

எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு புரியல. சினிமாவோ டிவியோ, பேண்ட்னா அதே கதைதான். பாடறவனுக்குக் காதல், கித்தார்காரனுக்குப் பொறாமை, ட்ரம்மருக்குச் சாவு. கீபோர்ட்காரன் இருக்கானா இல்லையான்னே தெரியாது. ஏன்லா எப்பவும் ட்ரம்மரே சாகணும்?

எங்க கதையிலயும் கச்சேரிக்கு மோட்டார் பைக்குல போறப்ப ட்ரம்மர லோரி மோதிடும். அப்புறம் படத்துக்கு மாலை, பக்கத்துல குத்துவிளக்கு. "உங்க படம் ஒண்ணு இருக்கா தம்பி?"ன்னு டைரக்டர் சேகர்கிட்ட கேட்டதுதான் தாமதம், இந்தப் புண்ணியவான் வீட்டுக்கு ஓடி, அக்கா கல்யாணத்துல எடுத்த தன்னோட சொந்தப் படத்தையே கொண்டாந்து குடுத்தான். அதப் பெருசு பண்ணி மாலை போட்டாங்க. நாங்களும் பக்கத்துல நின்னு சிரிச்சோம். நாலு பேர்ல ஒருத்தனுக்காவது மூளை வேலை செஞ்சிருக்கக்கூடாதா?

தீபாவளி வாரத்துல டிராமா வந்துச்சு. எங்க பக்கம் ஒரு வீடு விடாம பாத்தாங்க. சேகரோட அம்மா மாலை போட்ட படத்தப் பாத்ததும் டிவிய அடைச்சிட்டு, அவன உக்கார வச்சு சுத்திப் போட்டாங்களாம்.

ரெண்டு வாரம் கழிச்சு ஆயர் தாவார்ல இருந்து எனக்கு போன். நாங்க வாசிக்க ஒத்துக்கிட்ட ஒரு கல்யாணம். பொண்ணோட அம்மா பேசுறாங்க.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மூணு பேரும் வாங்க. அந்த ட்ரம் அடிக்கிற தம்பி மட்டும் வேணாம்."

"ஏங்க்கா?"

"டிவியில மாலை போட்டுப் பாத்த முகம்லா. அந்தத் தம்பி பொண்ணு மாப்பிள்ளை பக்கத்துல மேடையில உக்காந்திருந்தா, சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசுவாங்க."

"அது நடிப்புக்கா..."

"நடிப்புதான், தெரியும். இருந்தாலும்..."

"அப்ப நாங்க யாரும் வரலக்கா"ன்னு சொல்லியிருக்கணும். நான் "சரிக்கா"ன்னேன்.

சேகர்கிட்ட, "அவங்களுக்கு ட்ரம்ஸ் சத்தம் வேணாமாம் மச்சான், கீபோர்ட் ரிதமே போதுமாம்"னு புளுகினேன். லூமுட்ல இருந்து வேற ஒரு ட்ரம்மரக் கூட்டிக்கிட்டுப் போனோம். இந்த ஒரு தடவைதான்னு மூணு பேரும் பேசிக்கிட்டோம். அடுத்த கல்யாணத்துலயும் அதே கதை. அதுக்கடுத்ததுலயும்.

மூணாவது கல்யாணத்துக்கு சேகரோட அக்கா வந்திருந்தாங்க. அவன் எடத்துல வேற ஒருத்தன் அடிக்கிறத முன் வரிசையில உக்காந்து பாத்தாங்க.

மறுநாள் ஆயாக்கொட்டகைக்கு ஒரு வேன் வந்துச்சு. சேகர்தான், அக்கா சொல்லியிருக்கணும். ட்ரம்ஸ ஒண்ணொண்ணா ஏத்தினான். வெக்கமே இல்லாம நானும் ஒரு பக்கம் புடிச்சேன். "இந்த ஸ்டேண்டு ஒடைஞ்சிருக்கு, வெல்டிங் அடிச்சா உங்களுக்கு ஆகும்"னு ஒண்ண மட்டும் விட்டுட்டுப் போனான். நல்லா திட்டியிருந்தாக்கூடத் தேவலாம். அவன் போனப்புறம் பேண்ட் ஒரு வருஷங்கூடத் தாங்கல.

இப்ப கல்யாண டின்னர்ல பேண்ட் எங்க இருக்கு? ஒரு டிஜே, ஒரு லேப்டாப்... முடிஞ்சுது. வேணாம்னு சொல்றதுக்கு ட்ரம்மரே இல்ல.

போன வாரம் யாரோ அந்த டிராமா கிளிப்ப நெட்ல போட்டிருக்காங்க. கீழ வரிசையா கமெண்ட். "ட்ரம்மர் அண்ணே, ஆர்ஐபி." "தங்கமான மனுஷன், சீக்கிரம் போயிட்டாரு." என்னமோ பக்கத்து வீட்டுல இருந்து பாத்தவங்க மாதிரி! வந்த ஆத்திரத்துல, "அவன் உசுரோடதான் இருக்கான்லா! லகாட்ல ஏர்கோன் ரிப்பேர் பண்றான்!"னு தட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில சேகர் போன் அடிச்சான். எத்தனையோ வருஷம் கழிச்சு...

"மச்சான், அந்தக் கமெண்ட அழிச்சிடுலா."

"ஏன்? உன்னச் செத்துட்டன்னு எழுதறானுங்க, பாத்துட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

"என் மகன் கிளிப்ப பாத்துட்டு, ஏம்பா பேண்ட்ட விட்டீங்கன்னு கேட்டான். அதான் செத்துட்டேனேன்னு சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான், அதோட விட்டுட்டான். இப்ப உன் கமெண்டுக்குக் கீழ எவனோ, அப்புறம் ஏன் பேண்ட்ட விட்டாருன்னு கேட்டிருக்கான். அதப் படிச்சிட்டு, நெஜத்தச் சொல்லுங்கப்பான்னு மகன் முன்னாடி உக்காந்திருக்கான்..."

அப்புறம் சொன்னான்.

"உங்க மூணு பேரப் பத்தி நான் அவன்கிட்ட நல்லவிதமாத்தான் சொல்லி வச்சிருக்கேன் மச்சான்."

கமெண்ட அழிச்சிட்டேன்.

ஆனா இப்ப எழுதின இத அழிக்க மாட்டேன், சேகர். உன் மகன்கிட்டயே காட்டு. வேணாம்னு சொன்னது அந்த ஆயர் தாவார் அக்கா. சரின்னு சொன்னது நான்.