கீழே ஊன்றக் கூடாத கால்

வலி இருந்தால் மனிதன் தானாக உட்கார்ந்துவிடுவான். எனக்கு அது இல்லை. வலது உள்ளங்காலில் குழி விழுந்து கிடந்தது. அந்தக் குழியோடு நான் மேடு ஏறலாம், கிழங்குக் கூடையைத் தூக்கலாம். கால் ஒரு வார்த்தை சொல்லாது. அதனால்தான் கட்டிலில் கிடப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. உமி மூட்டையின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, எதிரே சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில் மிளகு பழுப்பதைப் பார்த்தபடி கிடக்க வேண்டும். தை மாதம். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்துவிட்டால் பறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குருவி தின்றுவிடும், மிச்சத்தைக் காற்று உதிர்த்துவிடும்.

"ஏனுங்க, மறுபடியும் எந்திரிச்சீங்களா?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள். கட்டில் சத்தம் அவளுக்குப் போதும்.

"இல்ல, பொரண்டு படுத்தேன்."

"பொரண்டு படுத்தா கட்டிலு ரெண்டு வாட்டி கத்தாது."

மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். புண் ஆறும்வரை கால் தரையில் படக் கூடாது. எலும்புவரை போய்விட்டால் முன்பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும். முன்பாதம் இல்லாதவன் மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணியில் எப்படி ஏறுவான்? கட்டிலில் கிடந்தால் இந்த வருஷத்து மிளகு போகும். எழுந்தால் காலே போகும். இரண்டும் தெரிந்திருந்தும் உடம்பு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

நோய் எனக்கு வந்து போய்ப் பல வருஷம் ஆகிறது. முதலில் முதுகில் ஒரு வெளிறிய தேமல். அது தொழுநோய் என்று தெரிந்த பிறகு மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டு முடித்தேன். கிருமி செத்துவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அது போகும்போது கை கால் நரம்புகளைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. நரம்பு திரும்பி வரவில்லை. சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் மடங்கியே இருக்கும். சட்டைப் பொத்தானை மனைவிதான் மாட்டிவிட வேண்டும். அவள் காட்டுக்குப் போய்விட்டால், மாட்டியபடியே இருக்கும் சட்டையைத் தலைவழியாகப் போட்டுக்கொள்வேன். டீ கிளாஸை விரலால் தொட்டு நம்ப முடியாது. முழங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், நான் பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பேன். தூங்கும்போது எலி காலைக் கடித்தால் தெரியாது என்பதற்காகவே ஒரு பூனை வளர்க்கிறோம். சாயங்காலம் காலைத் தண்ணீரில் ஊற வைத்து, எண்ணெய் தடவி, மனைவி பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவள் பாதத்தைப் பார்க்கும்போது நான் சுவரைப் பார்ப்பேன்.

இந்தப் புண் களத்தில் வந்தது. அண்ணன் குடும்பத்துக்கும் எங்களுக்கும் ஒரே களம். பறித்த மிளகுச் சரங்களை அங்கே கொட்டி, வெறுங்காலால் மிதித்துத்தான் மணியை உதிர்ப்போம். களத்தில் செருப்போடு ஏறுவது எங்கள் வழக்கமில்லை. தானியம் விழுகிற இடம், பொங்கல் வைத்துக் கும்பிடுகிற இடம். எனக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தென்ற கருப்புச் செருப்பை எல்லோரையும் போல ஓரமாகக் கழற்றிவிட்டு நானும் மிதித்தேன். பச்சை மணிகளுக்கு நடுவில் சிவப்பு தெரிந்தது. பழுத்த மணி என்று நினைத்து அதன் மேலேயும் மிதித்தேன். மனைவிதான் பார்த்தாள். அவள் சத்தம் போடவில்லை. "ஊட்டுக்கு வாங்க, ஆரோ வந்திருக்காங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வீட்டில் யாரும் இல்லை. சாக்குத் தைக்கும் ஊசியின் உடைந்த முனை என் உள்ளங்காலில் ஏறியிருந்தது.

அண்ணன் வீட்டில் சுளுக்கு என்று சொன்னோம். எனக்கு வந்த நோய் என்னவென்று அவர்கள் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. நரம்புத் தளர்ச்சி என்று மனைவி எப்போதோ சொல்லிவைத்திருந்தாள்.

வாரம் ஒரு முறை கட்டு மாற்ற, கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் ஒரு நர்ஸம்மா வருவார். வீட்டுக்கே வருகிறேன் என்றுதான் முதலில் சொன்னார். பெட்டியோடு ஒரு நர்ஸ் என் வாசலில் உட்கார்ந்தால் அண்ணன் வீட்டுக்குத் தெரிந்துவிடும். "வேண்டாங்க சிஸ்டர், பாதை வழுக்குமுங்க. நான் பஸ் ஸ்டாப்புக்கே வாரேனுங்க" என்றேன். யாரோ பைக்கில் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் தடியை ஊன்றிக்கொண்டு, பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் தரையில் வைத்து, கிழங்குக் காட்டு மேட்டில் ஏறிப் போவேன். புண் தரையில் படவில்லை என்ற தைரியம். கையில் சுமை இல்லாமல் ரோடு வரைக்கும் போய்வருவதை எங்கள் மலையில் யாரும் ஒரு வேலையாக நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. மூடிக் கிடக்கும் ஒரு கடைக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டு மாற்றிக்கொள்வேன்.

புண் ஆறவே இல்லை. ஒரு வாரம் அவர் கட்டைப் பிரித்துவிட்டுப் பாதத்தின் ஓரத்தை விரலால் தடவினார்.

"அண்ணா, கட்டில்லயேதான இருக்கீங்க?"

"ஆமாங்க சிஸ்டர்."

"கட்டில்ல இருக்கற காலுக்கு ஓரத்துல எப்படிக் கொப்புளம் வந்துச்சு?"

அவர் சுவரில் சாய்த்திருந்த தடியைப் பார்த்தார். பிறகு கடைக்குப் பின்னால் கீழே இறங்கும் பாதையைப் பார்த்தார்.

"இந்த மேட்டையா ஏறி வந்தீங்க? ஒவ்வொரு வாரமுமா?" அவருக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. "நான் கட்டிக் கட்டி மூடறதை நீங்க நடந்து நடந்து பிச்சிட்டு வாரீங்களா? இனி ஒரு அடி வெக்கக் கூடாது. ஊட்டுக்குப் போன் போடுங்க."

என் விரல் காய்ந்த விரல். போனில் எத்தனை தேய்த்தாலும் எண் விழாது. அவரே வாங்கிப் போட்டார். மனைவிக்கு வேறு வழி இல்லை, அண்ணனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அண்ணன் நீள மூங்கிலும் கம்பளியுமாக வந்தார். கூடவே அண்ணியின் தம்பி. ரோடு இல்லாத இடத்தில் பிள்ளைவலி கண்ட பெண்ணைத் தூக்குவது போல என்னைத் தூளி கட்டித் தூக்கினார்கள். அண்ணி முன்னால் நடந்தாள்.

"எனக்கு மூணு பிரசவம். ஒண்ணுக்குக்கூட இப்படித் தூக்கல. கொழுந்தனாருக்கு யோகம் பாரு" என்றாள்.

"வாய மூடிட்டுக் கல்லு கெடந்தா சொல்லு" என்றார் அண்ணன்.

"மாமா, கனமே இல்ல. கெழங்கு மூட்டைக்கு இது தேவலை" என்றான் தம்பி.

காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். நான் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டேன். யார் கண்ணிலும் படாமல் இருக்கத்தான் அத்தனை வாரம் மேடு ஏறினேன்.

வீடு வந்து சேர்ந்தபோது கட்டு இன்னும் பாதியில்தான் இருந்தது. கூடவே இறங்கி வந்த நர்ஸம்மா, வெளிச்சம் வேண்டும் என்று வாசலிலேயே கட்டைப் பிரித்தார். அண்ணி குனிந்து பார்த்தாள்.

"சுளுக்குன்னு சொன்னீங்க?" என்று என் மனைவியைக் கேட்டாள்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனிந்தது எனக்குப் பொறுக்கவில்லை. "சுளுக்கு இல்லீங்க அண்ணி" என்றேன். "மரத்துப் போன காலுங்க. பெருநோயி வந்து போச்சுங்க எனக்கு."

அண்ணன் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி நர்ஸம்மாவிடம் நேராகவே கேட்டாள். "இது ஒட்டுங்களா?"

"ஒட்டாதுங்க. மாத்திரை எப்பவோ முடிஞ்சுது."

"அப்பறம் எதுக்கு அம்மிணி நீ மட்டும் கையில உறை மாட்டியிருக்கற?"

"என் கையில இருக்கற அழுக்கு இவரு புண்ணுல படக் கூடாதுன்னு."

அண்ணி அந்த உறையையே பார்த்தாள்.

நர்ஸம்மா பெட்டியிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். டாக்டர் சோதித்துச் சொல்லச் சொல்லியிருந்தாராம். கம்பி கடினமான எதிலாவது முட்டினால் அது எலும்பு. அப்படியென்றால் இன்றைக்கே கீழே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மற்றதை அங்கே முடிவு செய்வார்கள். கம்பி உள்ளே போனதைப் பார்த்தேன். இன்னொருவன் காலைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. எனக்குத் தெரிய வழி இல்லாததால் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கையால் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி என் தோளைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி மட்டும் எனக்குத் தெரிந்தது.

"படல" என்றார். "எலும்புக்குப் போகல. ஆனா கிட்டத்துல போயிருச்சு. இனி நான் இங்கதான் வருவேன், அண்ணா. நீங்க கட்டில்லதான் இருப்பீங்க."

நிமிர்ந்தபோது அண்ணி வாசலில் இல்லை. எப்போது போனாள் என்று தெரியவில்லை. எப்போது வந்தாலும் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போவாள். அன்றைக்குக் கேட்கவில்லை. அண்ணனும் மூங்கிலை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

மத்தியானம் முழுவதும் கட்டில் கத்தியது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. எலும்பில் படவில்லை என்ற சந்தோஷத்தைக்கூட இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. இனி களம் எங்களுக்கு உண்டா இல்லையா என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவளும் அதைத்தான் யோசித்திருப்பாள்.

பொழுது சாயும் முன் மரத்தில் ஏணி முட்டும் சத்தம் கேட்டது. என் மரம்தான். அண்ணன் ஏணியில் நின்று சரம் பறித்துக்கொண்டிருந்தார். அண்ணி அடியைப் பிடித்தபடி, என் பக்கம் திரும்பாமலே கத்தினாள்.

"கொழுந்தனாரே! கம்பி எலும்புல பட்டுச்சா இல்லியா?"

காடு முழுக்க ஆள் இருந்தது. நான் உரக்கப் பேசிப் பழக்கமில்லாதவன்.

"படலீங்க அண்ணி!" என்று கத்தினேன்.

"அப்பக் கம்முனு கெடங்க!"

கிடந்தேன். கொஞ்ச நேரம்தான். அண்ணன் பழுத்த சரத்தை விட்டுவிட்டுப் பக்கத்துப் பச்சைச் சரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எப்போதும் அவசரம். "அண்ணா, அது இன்னும் பிஞ்சுங்க! எடது பக்கம் பாருங்க!" என்று கத்தும்போதே என் வலது கால் கட்டிலை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தரையில் படுவதற்குள் பார்த்துவிட்டேன். இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி மறுபடி மூட்டையின் மேல் வைத்தேன்.