சக்கரமில்லாத வண்டிக்கு அப்பா வைத்த எலுமிச்சம்பழம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அட்டைப் படத்தில் அப்பா முறைக்கிறாரே என்று யாரும் சங்கடப்பட வேண்டாம். கேமராவைக் கண்டால் அவர் முகம் அப்படித்தான் ஆகிவிடும். அவர் மறைந்து ஓராண்டாகிறது. தேடிப் பார்த்ததில் இருப்பதிலேயே குறைவாக முறைக்கும் படம் இதுதான்.

அப்பா கோலா பிலா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பால்மரம் வெட்டிய பெற்றோருக்கு மூத்த பிள்ளை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது குலை ஏற்றும் ஆளாகச் சேர்ந்து, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கெஞ்சிக் கூத்தாடி லாரி ஓட்டுநரானார். அந்த லாரிக்கு பவர் ஸ்டீரிங் கிடையாது. தம் தோள்கள் அகன்றதற்கு அதுதான் காரணம் என்பார் அப்பா. சோறுதான் காரணம் என்பார் அம்மா. தோட்டம் கைமாறி வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, என்னையும் தம்பியையும் சட்டிபானைகளோடு லாரியில் ஏற்றி மம்பா ஊருக்குக் கொண்டுவந்தார். அழுவதற்குக்கூட அவர் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். குடியைத் தொடாதவர், கோபத்தில் மட்டும் தாராளம்.

யார் புது வண்டி வாங்கினாலும், தூரப் பயணம் கிளம்பினாலும், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் விடமாட்டார். எங்கள் தாமான் குடியிருப்பில் சைக்கிள் வாங்கிய பிள்ளைகள்கூட அவரிடமிருந்து தப்பியதில்லை.

நான் ஹெலிகாப்டர் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றதும் வீடு ரெண்டுபட்டது. "லாரி நின்னு போனா ஓரமா ஒதுக்கலாம். அங்க எங்க ஒதுக்குவ?" என்று கத்தினார். பல நாள் என்னோடு பேசவில்லை. ஆனாலும் நான் பறக்கும் பயிற்சிப் பள்ளியில் சேரும் நாளன்று, கேட்காமலே காரில் ஏறி உட்கார்ந்தார். மடியில் எலுமிச்சம்பழப் பை.

கொட்டகையில் ஹெலிகாப்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"என்னா பாப்பா இது, சக்கரமே இல்ல! பழத்த எங்க வைக்கிறது?"

இரண்டு நீளக் கம்பிகளின்மேல்தான் அது நின்றிருந்தது. என் பயிற்றுநர், மலாய்க்காரர், மாமா முறை சொல்லி மிகவும் மரியாதையாக, "பாக்சிக், இதன் பக்கத்தில் உதிரிப் பொருள் எதுவும் விடக்கூடாது" என்று மலாயில் விளக்கினார். அப்பா வெளியே போய், நாங்கள் வந்த காரின் சக்கரத்தடியில் பழங்களை வைத்து ஏற்றி நசுக்கினார். "எந்த வண்டியா இருந்தா என்னா? வேண்டுனது ஒனக்குத்தான லா" என்றார்.

பயிற்சி பாதியில் இருந்தபோது, வேறொரு பள்ளியின் ஹெலிகாப்டர் விழுந்து ஆசிரியரும் மாணவரும் இறந்துபோனார்கள். ஹைட்ராலிக் பழுதைச் சமாளிக்கும் பாடத்தில் இருந்திருக்கிறார்கள். நம் கை அசைக்கும் கட்டுப்பாட்டுக் கம்பிக்குப் பின்னால் எண்ணெயின் அழுத்தம் துணை நிற்கும். அதுதான் ஹைட்ராலிக். அது போய்விட்டால் கம்பி கனத்துப்போகும். பழகுவதற்காக அதை வேண்டுமென்றே அணைப்பதுண்டு. அந்த நேரத்தில் தரைக்குச் சற்று மேலே அந்தரத்தில் நிறுத்தப் பார்த்தால், கை வலு போதாமல் கவிழ்ந்துவிடக்கூடும்.

சில வாரங்களில் எங்களுக்கு அது நிஜமாகவே நடந்தது. கம்பி திடீரென்று பிடிவாதம் பிடித்தது. "நிறுத்தப் பார்க்காதே, ஓடவிட்டே இறக்குவோம்" என்றார் பயிற்றுநர். இருவருமாகப் பிடித்து, மெல்லத் தாழ்ந்து, ஓடுபாதையில் உரசிச் சறுக்கி நின்றோம். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் நான் மம்பாவுக்கு வந்து, இனிமேல் போகமாட்டேன் என்று படுத்துவிட்டேன். இறந்துபோன அந்த மாணவரின் முகம் நாளிதழில் பார்த்ததிலிருந்து என்னை விடவில்லை.

'அப்பவே சொன்னேன்' என்று அப்பா தொடங்குவார் எனக் காத்திருந்தேன். அவரோ காலையில் கோப்பியோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"பழைய லாரியும் அப்படித்தான். நின்ன எடத்துல ஸ்டீரிங் திருப்புனா தோள்பட்ட போயிரும். உருண்டாத்தான் திரும்பும்" என்றார்.

ரெண்டும் ஒன்றில்லை என்றேன்.

"இருக்கட்டும். நீங்க நிறுத்துனீங்களா?"

"இல்ல. ஓடவிட்டுத்தான் எறக்குனோம்."

"சரியாத்தான செஞ்சிருக்க? சரியா செஞ்சவ எதுக்குப் படுத்துக் கெடக்குற? நான் போகாதன்னு கத்துனப்ப போன. இப்ப யாரும் சொல்லாமலே நிக்கிற!"

"ஒங்களுக்குப் பயமா இல்லியாப்பா?"

"இருக்கு லா. அது எங்கிட்ட இருக்கட்டும். நீ கெளம்பு."

அன்று அவரே காரோட்டி என்னைக் கொண்டுபோய் விட்டார். நான் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோது, காரைவிட்டு இறங்கி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அவ்வளவு நேசித்த நாள் வேறொன்று இல்லை.

நான் பயிற்றுநராகத் தேறிய சமயம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. முதல் மாணவியோடு நான் பறக்க வேண்டிய காலையில், சைகை காட்டி அம்மாவைப் பழம் எடுத்துவரச் சொன்னார். காரைத் தம்பி வேலைக்கு எடுத்துப் போயிருந்தான். "வண்டி இல்லியேங்க" என்றார் அம்மா. அப்பா தம் சக்கர நாற்காலியைத் தட்டிக் காட்டி, "இதுவும்... வண்டிதான்" என்றார். அம்மா தள்ளினார். பழம் நழுவி உருண்டோடியது. மூவரும் சிரித்துவிட்டோம். மறுபடி நான் குனிந்து பிடித்துக்கொள்ள, அம்மா தள்ள, அப்பா நாற்காலியோடு தம் முழு பாரத்தோடும் அதன்மேல் ஏறி இறங்கினார். சில மாதங்களில், வீட்டிலேயே, அம்மாவின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

நாற்காலியைக் கொடுத்துதவிய கோயில் குழுவினருக்கு நன்றி. அது இப்போது இன்னொரு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அலுக்காமல் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற தெமியாங் சித்தப்பாவுக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்கும், பாடை சுமந்த தோட்டத்து நண்பர்களுக்கும், "பாக்சிக்" என்று தேடிவந்து அழுத என் பயிற்றுநருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அம்மாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார். இதை எழுதும் இன்று காலை ஒரு மாணவிக்கு நான் ஹைட்ராலிக் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. காரை எடுக்கப் போனால், முட்டிவலியோடு அம்மா முன்சக்கரத்தருகே குனிந்து பழம் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்கப்பா இல்லன்னா, சும்மா போயிருவியா? ஏறு."

ஏறினேன். பழம் நசுங்கும் சத்தம் கேட்டது. கண் கலங்கியது, ஆனால் வண்டியை நான் நிறுத்தவில்லை.