மல்லனின் முறிந்த கை

வாடகைக்குப் புத்தகம் விடும் தொழிலில், புத்தகம் திரும்பி வரும்போது படித்தவரும் கூடவே சண்டைக்கு வருவார். இதில் தலையைக் கொடுத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சித்தூர் ஜில்லா ஆந்திராவோடு சேர்ந்து, எல்லை எங்கே என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். வாரம் ஒருமுறை புத்தூரிலிருந்து நகரித் தறிக்கொட்டகைக்குச் சைக்கிளில் புத்தகம் கொண்டுபோவேன். கொட்டகை மேஸ்திரி கோவிந்தன் உரக்க வாசிப்பான். மற்றவர்கள் நெய்தபடி கேட்பார்கள்.

அந்த வருஷம் ஐந்து பாக மாயாஜால நாவல். மல்லன் என்ற அரண்மனைச் சமையற்காரன் கரண்டியால் பூதங்களை விரட்டும் கதை. இராட்டையில் ஊடைநூலைத் தார் சுற்றும் முனியம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆடி பிறப்பதற்குள் மகனோடு திருத்தணிக்குக் குடிபோகிறாள். அங்கே வாசித்துக்காட்ட ஆளில்லை. அதற்குள் முடிவு தெரிந்தாக வேண்டும் என்று என்னை நச்சரித்தாள்.

ஓரக் குறிப்பு

பிழை கண்டால் ஓரத்தில் பென்சிலால் குறிப்பது என் வழக்கம். 'ஒன்பதாம் அத்தியாயத்தில் முறிந்த வலக்கையால் பத்தாம் அத்தியாயத்தில் பூதத்தைச் சுழற்றுவது எப்படி?' என்று எழுதியிருந்தேன். கோவிந்தன் அதையும் ஒரே மூச்சில் சேர்த்து வாசித்துவிட்டான். அடுத்த வாரம் முனியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்:

"பூதத்தை அடிக்கிற நேரத்துல நீங்க இன்னாத்துக்கு நடுவுல வந்து நிக்கிறீங்க, புஸ்தகக்காரரே?"

நாலு முழம்

துணி எடுக்க வந்த வியாபாரி ஒரு புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏமய்யா கோவிந்தா, நாலு முழம் இறுக்கமா கீது, அப்பாலே ரெண்டு முழம் தொளதொளன்னு கீது. இன்னா நெசவு இது?"

கோவிந்தன் புடவையை விரலால் தடவிப் பார்த்தான்.

"இறுக்கமா கீறது சண்டைங்க. தொளதொளன்னு கீறது, பூதம் வழுக்கிச் சாம்பார் அண்டாவுல விழுந்த இடம்."

கடைசிப் பக்கங்கள்

ஐந்தாம் பாகம் கைக்கு வந்தபோது கடைசி எட்டுப் பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள். முனியம்மாள் கிளம்ப இரண்டே நாள். புத்தூர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து முடிவை நானே எழுதிச் செருகினேன். காலக்கணக்கு பிசகவில்லை. முறிந்த கைக்கு முறைப்படி கட்டும் போட்டேன். மல்லனும் பூதராஜனும் எதிரெதிரே அமர்ந்து, சண்டைக்குக் காரணமான ஏழு மலைகளையும் நியாயமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

கோவிந்தன் வாசிக்க வாசிக்கத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். முனியம்மாள் இராட்டையை நிறுத்தினாள்.

"ரெண்டு பேரும் எல்லைக் கமிட்டியாட்டம் குந்திக்கினு பேசறாங்களே, இது உங்க வேலைதானே? கரண்டி எங்கே?"

எந்தக் கை

ஒப்புக்கொண்டேன். நின்ற இடத்திலேயே வாயால் மறுபடி ஆரம்பித்தேன். மல்லன் கரண்டியை எடுத்தான். கொதிக்கும் மிளகு ரசத்தைப் பூதராஜனின் மூக்கில் வீசினான். பூதம் தும்மியதில் கோட்டைக் கதவு பெயர்ந்தது. தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. பூதத்தைத் தூக்கிச் சுழற்ற வேண்டிய இடம் வந்தது. "எந்தக் கையால்?" என்று என்னையும் அறியாமல் கேட்டுவிட்டேன். முனியம்மாள் யோசிக்கவே இல்லை.

"முறிஞ்ச கையாலதான். இல்லாட்டி அவன் இன்னா மல்லன்?"

அன்றிலிருந்து நகரிக்குப் போகும்போது பென்சிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன், பிழைகள் என்னவோ கூடவே வந்துகொண்டுதான் இருக்கின்றன.