நாலாவது தட்டு

ஸ்டைன்விக் பெண்கள் நலச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வராமல் இருக்க எங்கள் ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. நூறு டிகிரி காய்ச்சலிலும் கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சங்கத்தின் மேல் இத்தனை பாசமா என்று வெளியூர்க்காரர்கள் வியக்கலாம். பாசமும் இல்லை, பாயசமும் இல்லை. வராதவள் தலையில்தான் பதவி விழும். ஒரு வருஷம் பல் பிடுங்கிக்கொள்ள நகரத்துக்குப் போன ஒருத்தி, கன்னம் வீங்கித் திரும்பி வந்தபோது பொருளாளராகி இருந்தாள். வாயைத் திறந்து மறுக்கக்கூட அவளால் முடியவில்லை.

குன்வோர் தலைவியானது அந்த மாதிரி இல்லை. கூட்டத்தில் நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கும்போதே ஆனாள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் நாற்காலியை விடவில்லை. "என் தலையெழுத்து, வேற யாரு இருக்கா?" என்று ஒவ்வொரு வருஷமும் அலுத்துக்கொள்வாள். அந்த அலுப்பில் ஒரு சுகம் இருந்ததை அவள் கணவன் ஐலிஃப் மட்டும் கவனித்திருந்தான். சொன்னால் சாப்பாடு கிடைக்காது என்பதால் சொன்னதில்லை.

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள் குன்வோர். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் கடைசி இருக்கை அடங்கிவிடும். அந்தப் பார்வையை வைத்துத்தான் சங்கத்தையும் ஓட்டினாள். தேவாலயத்திலிருந்து படகுத்துறை வரை, முழங்கால் வலிக்காரர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கட்டும் என்று, பதினான்கு பெஞ்சுகள் போட வைத்தாள். முதியோர் இல்லத்தில் வியாழக்கிழமை தோறும் கேக்கும் காபியும் பேச்சும் என்று ஏற்பாடு செய்தாள். இலையுதிர் காலச் சந்தையில் குலுக்கல் பரிசுக்குச் சாமான் குறைந்தபோது, ஐலிஃபின் பிரியமான நீல ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து மேஜையில் வைத்துவிட்டாள். பாவம் மனுஷன், சொந்த ஸ்வெட்டரை மீட்க நாற்பது சீட்டு வாங்கினான். கிடைத்தது ஒரு பூந்தொட்டி.

போன இலையுதிர் காலத்தில் மருத்துவர் அவளுடைய இடது முழங்காலை மாற்றியே ஆக வேண்டும் என்றார். குன்வோர் சந்தையின் நடுவில் நின்று, "இந்த வருஷத்தோட சரி. மார்ச்ல வேற ஆளைப் பாத்துக்கங்க" என்று அறிவித்துவிட்டாள். அவள் எதிர்பார்த்த கூக்குரல் எழவில்லை. எல்லோரும் அவரவர் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

பிப்ரவரியில் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தலைவி இல்லாத கிளையைக் கலைத்துவிடுவார்களாம். கலைத்தால் வியாழக்கிழமை காபியும் போச்சு. அந்த இல்லத்தில் இருப்பவர்கள் வியாழன் காலையிலேயே துவைத்த சட்டையாகத் தேடிப் போட்டுக்கொண்டு, இரண்டு மணிக்குக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த தலைவிக்கு ஆள் பிடிக்கும் வேலை மாரித்துடையது. இல்லத்தில் செவிலி, ஒஸ்லோவிலிருந்து வந்து ஏழு வருஷம் ஆகியும் ஊர் நடைமுறை முழுசாகப் பிடிபடாதவள். எங்கள் ஊரில் எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாவது முறைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். மாரித் வந்த புதிதில், காபி சாப்பிடுகிறாயா என்று கேட்ட முதல் தடவையே "ஓ, சாப்பிடறேனே" என்று கோப்பையை நீட்டினாள். கடையில் ஒரு மாதம் அதுதான் பேச்சு.

"இருபத்தேழு வீடு ஏறி இறங்கிட்டேன் குன்வோர்," என்றாள் மாரித், பனிக்காலணியைக் கழற்றாமலே வாசலில் நின்று. "ஒருத்தருக்கு முதுகு வலி. ஒருத்தருக்குப் பேத்தி பிறந்திருக்கு. ஒருத்தர் வீட்ல ஆடு குட்டி போடுதாம். நான் என்னதான் பண்றது?"

"போர்கில்லைக் கேட்டியா?"

"இல்லையே. அவங்க ஒத்துக்கவே மாட்டாங்க, வீணாப் போகாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாமா. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால ஆள் பிடிக்கிற வேலை என்னோடது, நானே அவ வீட்டுக்குப் போய் ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டேன். முடியாதுன்னுட்டா மகராசி." குன்வோர் முழங்காலைத் தடவிக்கொண்டே யோசித்தாள். "கேட்டா வரமாட்டா. மாட்டினா வருவா."

போர்கில் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தபால்தலை ஒரு மயிரிழை கோணலாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவாள். சங்கத்தை நடத்த அவளைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்பது குன்வோருக்கும் தெரியும். ஊரில் முதல் தரமான கேக்கும் அவள் கையில்தான் என்பதும் தெரியும். இதை ஒப்புக்கொள்வதற்குத்தான் குன்வோருக்குக் கொஞ்சம் சிரமம்.

சங்கத்தின் பழைய விதிப் புத்தகத்தில் எட்டாம் விதி என்று ஒன்று உண்டு. கூட்டம் நடக்கும் வீட்டில் மூன்று வகைப் பலகாரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. அந்தக் காலத்தில் ஒருத்தியை ஒருத்தி மிஞ்சப் போய், ஒரு அம்மாள் பதினோரு வகை சுட்டுவிட்டு ஒரு வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தாளாம். அதற்காகப் போட்ட விதி. நாலாவது தட்டு வைத்தவள், சொல்கிற வேலையை மறுபேச்சில்லாமல் செய்ய வேண்டும். என்ன வேலை என்பதைத் தலைவி சொல்வாள். குன்வோர் அதுவரை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தன. படித்திருக்கலாம்.

சங்கக் கூடத்தில் கணப்படுப்பு சரியாகச் சூடேறவில்லை என்று ஒரு கதை கட்டி, ஆண்டுக் கூட்டத்தைப் போர்கில் வீட்டுக்கு மாற்றினாள். பிறகு கடை வரிசையில், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, "பாவம் போர்கில், இப்பல்லாம் கை ஓய்ஞ்சு போச்சு. மூணு வகை செஞ்சாலே பெரிசு" என்று உச்சுக் கொட்டினாள். அன்று சாயங்காலத்துக்குள் அது போர்கில் காதுக்குப் போயிருக்கும். ரோஷக்காரி, நாலு என்ன, ஆறு வகை சுடுவாள். சுட்டால் தலைவி பதவியை அவள் தலையில் கட்டிவிடலாம்.

"சுடலேன்னா?" என்று கேட்டான் ஐலிஃப்.

குன்வோர் அலமாரியிலிருந்து பிஸ்கட் வார்க்கும் இரும்பு அச்சை எடுத்து அடுப்பில் வைத்தாள். மாவை ஊற்றி, மெல்லிசாக வார்த்து, சூடு ஆறுவதற்குள் கூம்பாகச் சுருட்டினாள். முப்பது சுருள் பிஸ்கட்டுகள். தகர டப்பாவில் அடைத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"குன்வோர், இது உனக்கே நல்லா இருக்கா?"

"சங்கம் பிழைக்கணும்ப்பா. நீ போய் பூந்தொட்டிக்குத் தண்ணி ஊத்து."

கூட்டத்தன்று போர்கில் வீட்டு வாசலில் இருபத்து மூன்று ஜோடிக் காலணிகள் குவிந்து கிடந்தன. பெண்கள் கம்பளிக் காலுறையோடு சுவரோரமாக உட்கார்ந்தார்கள். குன்வோரின் கண் நேரே மேஜைக்குப் போனது. பாதாம் கேக். ஆப்பிள் கேக். ஏலக்காய் பன். அவ்வளவுதான். திரும்பவும் எண்ணினாள். மூன்றேதான். என்ன பெண் இவள், ஒரு சீண்டலுக்குக் கூட அசையாமல்!

"நான் வேணா காபி எடுத்துட்டு வரட்டுமா?" என்று எழுந்து சமையலறைக்குள் போனாள். முழங்கால் வலியெல்லாம் அப்போது எங்கே போனதோ. போர்கில்லின் நீலப்பூத் தட்டு ஒன்றை எடுத்து, டப்பாவைக் கவிழ்த்து, சுருள் பிஸ்கட்டுகளை அழகாக அடுக்கினாள். ஒரு கையில் காபிக் கெண்டி, மறு கையில் தட்டு. ஆப்பிள் கேக்குக்குப் பக்கத்தில் தட்டை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வந்து உட்கார்ந்தாள்.

ஆண்டறிக்கை வாசித்தார்கள். பெஞ்சுக்குப் பச்சை அடிப்பதா பழுப்பு அடிப்பதா என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். கடைசியில் மாரித் எழுந்து, "அடுத்த தலைவி..." என்றாள். இருபத்து மூன்று தலைகள் கோப்பைக்குள் கவிழ்ந்தன.

"யாருமே இல்லன்னா நான் மாவட்டத்துக்கு எழுதிடுவேன்," என்றாள் மாரித். "வியாழக்கிழமை அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

குன்வோர் தொண்டையைக் கனைத்தாள். "அது இருக்கட்டும். நம்ம விதி எல்லாம் என்ன ஆச்சு? மேஜையைப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு! எட்டாம் விதிப்படி, போர்கில், நீ மாட்டிக்கிட்டே."

எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். போர்கில் நிதானமாக எழுந்து வந்தாள். சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். ஒரு சுருள் பிஸ்கட்டை எடுத்து, சந்தேகமான கடிதத்தைப் பார்ப்பதுபோல ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இந்தப் பறவைக்குத் தலை இல்லையே," என்றாள்.

குன்வோர் அப்போதுதான் அந்தப் பிஸ்கட்டைச் சரியாகப் பார்த்தாள். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டு அச்சுக்கும் ஒரு கோலம் உண்டு, அது பிஸ்கட்டில் அப்படியே பதியும். குன்வோரின் மாமியார் கொடுத்த அச்சில் இரண்டு பறவைகள். ஒருமுறை அது கல் தரையில் விழுந்து, ஒரு பறவையின் தலை மழுங்கிப் போனது. நாற்பது கிறிஸ்துமஸாக ஊரே அந்தத் தலையில்லாப் பறவையைத் தின்று கொண்டிருக்கிறது. வருஷா வருஷம் பார்த்துப் பார்த்து அது பறவையா பாத்திரமா என்றே மறந்துபோனவள் அவள் ஒருத்திதான்.

பிஸ்கட் கை மாறிக் கை மாறிப் போனது. ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

"திருட்டுக் கோழி! முட்டையிலேயே பேரை எழுதி வச்சிருக்காளே!"

மாரித் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். "இங்க இன்னும் ரெண்டு வரி இருக்கு. 'நாலாவது தட்டை விருந்தாளி வைத்திருந்தால், அவளுக்கான வேலையை வீட்டுக்காரி சொல்வாள்.'"

"அப்புறம் என்ன? இன்னும் ஒரு வருஷம் அவளையே தலைவியாப் போடு!" என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல்.

"மாட்டேன்," என்றாள் போர்கில். சிரிப்பு அடங்கியது. "எனக்கு ஒண்ணு தெரியணும். மாரித் ஊர்ல எல்லா வீட்டுக்கும் போனா. என் வீட்டுக்கு மட்டும் வரல. ஏன்?"

"நீங்க மாட்டேன்னு சொல்லிட்டீங்கன்னு..." மாரித் குன்வோரைப் பார்த்தாள். "குன்வோர் ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டாங்களாமே?"

"ரெண்டு தடவை," என்றாள் போர்கில். "அதோ, அந்தச் சமையலறைலதான். முதல் தடவை கேட்டா, என்னால எங்க முடியும்னேன். ரெண்டாவது கேட்டா, என்னைவிட நல்ல ஆளுங்க இருக்காங்கன்னேன். காபிக் கெண்டியக் கையில வச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தேன். இவ கோட்டை மாட்டிக்கிட்டு, 'சரி, வற்புறுத்தல'ன்னு கிளம்பிட்டா."

ஒஸ்லோக்காரி மாரித்துக்குக்கூட இப்போது புரிந்துவிட்டது.

"இதுதான் நான் சொல்ற வேலை," என்றாள் போர்கில். "ஏன் அன்னிக்கு மூணாவது தடவை கேக்கலன்னு சொல்லு. சொல்லிட்டு, கேளு."

குன்வோர் எழுந்து நின்றாள். கழுத்து வரை சிவந்துவிட்டது. பேருந்துக் கண்ணாடியில் எத்தனையோ குழந்தைகளை இப்படி விழிக்க வைத்திருக்கிறாள்; இன்று அவள் முறை. பொய் ஒன்று தயாராக நாக்கு நுனிவரை வந்தது. வெட்கமாக இருந்தது. விழுங்கிவிட்டாள்.

"மூணாவது கேட்டிருந்தா நீ சரின்னு சொல்லியிருப்பே," என்றாள் மெதுவாக. "எனக்கு வேணும்னு இருந்துச்சு போர்கில். ரொம்ப ஆசையா இருந்துச்சு. ஆனா என்னை யாரும் கேக்கல."

குன்வோர் போர்கில்லின் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"மூணாவது தடவை கேக்கறேன். நம்ம சங்கத்துக்குத் தலைவியா இருக்கியா?"

போர்கில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். காபிக் கெண்டியை எடுத்துச் சுவரோரமாக ஒவ்வொருத்திக்கும் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவசரமே இல்லை. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தவள், இவர்களும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். கடைசியாகக் குன்வோரின் கோப்பையை நிரப்பிவிட்டு, "இருக்கேன்," என்றாள்.

மாரித் கைதட்டியே விட்டாள். பிறகு நாலாவது தட்டையும் சேர்த்துக் காலி செய்தார்கள்.

எல்லோரும் கிளம்பும்போது குன்வோர் வாசலில் குனிந்து காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள். பாரம் இறங்கிவிட்டது, ஐலிஃபிடம் போய்ச் சொல்லலாம். ஆனாலும் நெஞ்சுக்குள் வெறிச்சென்று இருந்தது. நாளை காலை யாரும் அவளைத் தொலைபேசியில் கூப்பிட மாட்டார்கள்.

"குன்வோர்," என்றாள் போர்கில், கதவைப் பிடித்தபடி. "வியாழக்கிழமை காபிக்கு ஒரு கை குறையுது. உக்காந்துக்கிட்டே ஊத்தலாம். வர்றியா?"

வழக்கப்படி முதல் 'வேண்டாம்' வாய்வரை வந்துவிட்டது. முழங்காலைக் காரணமாகச் சொல்லவும் வாயைத் திறந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். போர்கில்லின் கை கதவுப் பிடியில் இருந்தது; இரண்டாவது தடவை கேட்க நிற்பாளோ மாட்டாளோ.

"வர்றேன்," என்றாள் குன்வோர், முதல் தடவையிலேயே.