கரண்ட் போகாத வியாழக்கிழமை

"...அதெல்லாஞ் செரி, வியாழக்கெழம கரண்ட் இருந்துச்சுன்னா மலையும் இல்ல, கிலையும் இல்ல. எல்லாரும் மிசின்ல உக்காரோணும், ஆமா," என்றார் எங்கள் முதலாளி ராசப்பண்ணன்.

இது ஐம்பது வருடத்துக்கு முந்தைய பேச்சு. ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் மகள் வயிற்றுப் பேரன். நேற்று சோபாவில் சாய்ந்தபடியே, ஆனைமலைக் காட்டுக்குள் ஒரு நாள் நடந்துவிட்டு வர செல்போனில் இடம் பிடித்து முடித்தான். நான் ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் காரியம் ஆகிவிட்டது. "அவ்வளவுதானா?" என்றேன். "வேற என்னங்க அப்புச்சி இருக்குது?" என்றான். என்ன இருக்கிறது என்று எங்கே ஆரம்பித்துச் சொல்ல!

ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்த நாங்கள் எட்டுப் பேர், திருமூர்த்தி மலைக் காட்டுக்குள் ஒரு நாள் நடப்பதற்கு ஒரு மாதம் திட்டம் போட்டோம். எழுபதுகளின் தொடக்கம், கரண்ட் பஞ்ச காலம். வாரத்தில் ஒரு நாள் பனியன் கம்பெனிகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். எங்கள் பக்கத்துக்கு வியாழன். அதை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமையும் தைக்க வேண்டியிருந்ததால், போனால் வியாழக்கிழமைதான் போக வேண்டும். அதிலும் நாங்கள் குறித்த அந்த வியாழனை விட்டால் கிடையாது. எங்கள் செட்டில் சிரிப்புக்கு முதல் ஆளான டெய்லர் சுலைமான், சனிக்கிழமை ரயிலேறி பம்பாய்க்கு வேலைக்குப் போகிறான். அவனில்லாமல் மலைக்குப் போவதும் ஒன்றுதான், சந்தைக்குப் போவதும் ஒன்றுதான்.

டீக்கடையில் தினமும் பேச்சு. அட்டை கடித்தால் உப்பா, புகையிலையா என்பதிலேயே ஒரு வாரம் போயிற்று. அட்டையை நேரில் பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. பிறகு யானை வந்தது. "வெள்ளையா எதாச்சும் அசைஞ்சா யானைக்கு ஆகாதுங்க," என்றார் கட்டிங் மாஸ்டர் பழனிசாமி. அவர் பார்த்த யானை கோயில் யானை, அதுவும் சங்கிலி போட்டது. ஆனாலும் எங்களுக்குத் திக்கென்றது. எங்களிடம் இருந்ததெல்லாம் வெள்ளைப் பனியன்தானே.

சாய வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் காடுதான் நினைவுக்கு வரும். வீரபாண்டியில் சுலைமானின் மச்சான் சாயப் பட்டறையில் இருந்தார். மிச்சப் பச்சைச் சாயத்தில் எட்டுப் பனியன்களை முக்கி எடுத்துக் கொடுத்தார். "ஒருக்கா போட்டுப் பழகிக்கோணும், இல்லீன்னா அரிக்கும்," என்று பழனிசாமி சொல்ல, திங்கட்கிழமை வேலைக்கே போட்டுக்கொண்டு போனோம். புத்தி அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் வேர்வையில் சாயம் இறங்கிவிட்டது. கழுத்து பச்சை, கை பச்சை. கல்கத்தாவுக்குப் போக வேண்டிய வெள்ளைப் பனியன்களில் எங்கள் விரல்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. ராசப்பண்ணன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

"கலரு நல்லாத்தானுங்ணா இருக்குது," என்றான் சுலைமான்.

"கல்கத்தாக்காரன் வெள்ள கேட்டான் கண்ணு, வெத்தல கேக்கல."

அவர் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அவரும் ஒரு காலத்தில் எங்களைப் போல மிசினில் உட்கார்ந்தவர்தான். கறை பட்டதை எல்லாம் மறுபடி வெளுக்கப் போட்டதில் சரக்கு பிந்தியது. அதனால்தான் அந்தக் கண்டிப்பு, கரண்ட் இருந்தால் தையல் என்று. வியாழன் கரண்ட் போகாமல் எங்கே போகும் என்று நாங்கள் தலையாட்டினோம்.

வியாழன் விடியும் முன்னே புளிச்சோற்று மூட்டைகளோடு கம்பெனி வாசலில் கூடிவிட்டோம். ஆறு மணிக்கு மில் சங்கு ஊதியது. கரண்ட் போக வேண்டிய நேரம். வாசல் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. எட்டுப் பேரும் அண்ணாந்து அதையே பார்த்தோம்.

"ஊதி அணைக்கற வெளக்கா இருந்தா ஊதிப் போடுவனுங்க," என்றான் சுலைமான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ராசப்பண்ணனிடம் தலையாட்டிக் கொடுத்த சொல் ஒன்று இருக்கிறதே. அவன்தான் முதலில் உள்ளே போய் மிசினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்க்கத் தொடங்கினான்.

எங்கள் கம்பெனி இருந்த சந்தில் இப்போது நாலு மாடிக் கம்பெனி நிற்கிறது. கரண்ட் போனால் கண்ணிமைப்பதற்குள் ஜெனரேட்டர் உறுமுகிறது. போனது தைக்கிறவருக்கே தெரியாது. டீக்கடை இல்லை. பழனிசாமி இல்லை. சுலைமான் பம்பாயோடு கலந்துபோனான். ஒரு நாள் நடைக்கு ஒரு மாதம் பேச இன்றைக்கு யாருக்கும் ஆள் கிடைப்பதில்லை.

அந்த வியாழக்கிழமை மப்ளரைச் சுற்றிக்கொண்டு ராசப்பண்ணன் வந்தார். எரிகிற பல்பைப் பார்த்தார். கட்டாமல் கிடந்த கல்கத்தா சரக்கைப் பார்த்தார். குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த சுலைமானையும் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மெயின் போர்டிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.