பில் கேட்காத விதி

சூசையைத் திருடனாக்கியவள் நான். விசாரணை அதிகாரி அல்ல, கொச்சி விடுதியின் பதிவேடும் அல்ல... நான்தான்!

தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் பிறந்தவள் நான். எங்கள் சபையில், பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டு கிடையாது. தவற்றை நேரே ஆண்டவரிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். பல முறை சொன்னேன். சொல்லிவிட்டு எழுந்து போய் நன்றாகச் சாப்பிட்டும் இருக்கிறேன். அதனால்தான் முன்பின் தெரியாத உங்களிடம் வந்தேன். நீங்கள் மன்னிக்க வேண்டாம், கேட்டால் போதும்.

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அரசு நிறுவனத்தில் ஊழியர்களின் பயணப்படியைச் சரிபார்ப்பது என் வேலை. அதற்கு இரண்டு புத்தகங்கள் உண்டு. மேசை மேல் இருப்பது நாடெங்கும் அரசு ஊழியர்களுக்கான பொது விதிகள். வெளியூரில் தங்கினால் விடுதி பில் வேண்டும் என்கிறது அது. இழுப்பறையில் இருப்பது எங்கள் நிறுவனம் தனக்கென எழுதிக்கொண்டது. அதன் பதினேழாம் விதி, உறவினர் வீட்டிலோ ஊரார் வீட்டிலோ தங்கிய ஊழியருக்குப் பில் தேவையில்லை, கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் பாதித் தொகை உண்டு என்கிறது. கடற்கரை மக்களை அறிந்த எவரோ எழுதியிருக்க வேண்டும். எங்கள் ஊழியருக்கு எங்கள் விதிதான் செல்லும்.

சூசை, கடலாழம் அளக்கும் எங்கள் அளவைப் படகில் லாஸ்கர், அதாவது கடைநிலை மாலுமி. படகு பழுதுபார்க்கக் கொச்சிக்குப் போனபோது கூடப் போனார். ஒன்பது நாள் ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் தங்கிவிட்டு, பில் இல்லாமல் படிவத்தை நீட்டினார். ஏன் விடுதியில் தங்கவில்லை என்று எரிந்து விழுந்தேன்.

"ஊர்க்காரன் வீடு அங்கன இருக்கும்போது லாட்ஜ்ல போய்ப் படுத்தா என்ன நெனைப்பாவ யக்கா?" என்றார்.

பதினேழாம் விதி எனக்குத் தெரியும். ஆனால் அதைக் காட்டினால் தனியாகக் குறிப்பு எழுத வேண்டும், அதிகாரியின் முணுமுணுப்பைக் கேட்க வேண்டும். எனக்குச் சோம்பல்! "எங்கனயாவது ஒரு பில் வாங்கிட்டு வாரும்" என்றேன். அலுவலகம் கேட்கிறது என்று நம்பி, கொச்சி ஊர்க்காரர் மூலம் கால் வைக்காத விடுதியின் பில்லை வரவழைத்துக் கொடுத்தார். நான் முத்திரை குத்தினேன்.

பிறகு கண்காணிப்புப் பிரிவு விடுதிப் பதிவேட்டைப் பார்த்தது. சூசையின் பெயர் அதில் இல்லை. போலிப் பில் என்று விசாரணை வைத்தார்கள். என்னையும் அழைத்து, நிறுவனத்துக்குத் தனி விதி ஏதும் உண்டா என்று கேட்டார்கள்.

இல்லை என்றேன்.

உண்டு என்றால் அடுத்த கேள்வி என்னவாயிருக்கும்? அப்படியானால் பில் கொண்டுவரச் சொன்னது யார்? அந்தக் கேள்விக்குப் பயந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த சூசை என்னையே பார்த்தார்.

படகை ஓட்டும் ஸ்ராங்கு பதவிக்கான பட்டியலில் முதலில் இருந்த அவர் பெயரை அடித்தார்கள். படகிலிருந்தே இறக்கி, எங்கள் அலுவலகத்தில் கோப்பு சுமக்கப் போட்டார்கள். படகுத்துறையில் அவருக்கு இப்போது 'லாட்ஜ் சூசை' என்று பெயர்.

அதற்குப் பிறகு ஒருநாள் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஒங்க பேர நான் சொல்லல யக்கா. ரெண்டு பிள்ளைய படிக்குதுல்லா ஒங்களுக்கு."

அவருக்கும் பிள்ளைகள் உண்டு! ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? கத்தியிருக்கலாமே, என் பெயரைச் சொல்லி ஊரைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்திருக்கலாமே... அந்த இரக்கத்தை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. அவர் மீதா? என் மீதுதான்!

போன வாரம் பெரிய அதிகாரி ஒருவர் கொச்சிக்குப் போய் மைத்துனர் வீட்டில் தங்கிவிட்டு வந்தார். பில் இல்லை. ஏதாவது விதி இருக்கும், பாருங்கள் என்று சொல்லியனுப்பினார். எனக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. 'பதினேழாம் விதிப்படி அனுமதிக்கலாம்' என்று எழுதி, அந்தப் பக்கத்தின் நகலையும் வைத்தேன். இந்த முறை சோம்பல் எங்கே போயிற்று? தனிக் குறிப்பு எழுதக் கை வலிக்கவில்லையா? பெரியவர் என்றால் என் கை எவ்வளவு வேகமாக எழுதுகிறது... தூ!

கோப்பை எடுத்துப் போக வந்தவர் சூசை. மேலே இருந்த நகலை நின்றபடியே படித்தார். விரல் வைத்து மறுபடியும் படித்தார்.

"இந்த விதி அப்பவே இருந்துச்சா யக்கா?"

இதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வாய்க்குமா? ஒரே சொல், 'இருந்தது' என்றிருந்தால் போதும். அதை வைத்து அவர் மேல்முறையீடு செய்திருக்கலாம்.

"புதுசு" என்றேன்.

அவர் தலையசைத்தார். "நல்லது. இனி வாரவனுக்காவது ஆவும்."

கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, அதிகாரி அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். நான் புத்தகத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. சாவி என்னிடம்.