பாலம் தாண்டி வந்த மேளம்

மகளுக்குக் கிழக்கு ஜேர்மனியில் வேலை கிடைத்தபோது நான் சந்தோஷப்படவில்லை. ஷ்பிறேவால்ட் என்று ஓரிடம். ஷ்பிறே ஆறு அங்கே போனதும் ஒரே ஆறாக ஓட மனமில்லாமல் நூற்றுக்கணக்கான வாய்க்கால்களாகப் பிரிந்து, இடையிடையே சின்னச் சின்னத் தீவுகளை விட்டுவைத்திருக்கிறது. பழைய நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து கசியும் இரும்பு அந்தத் தண்ணீரைப் பழுப்பாக்குகிறதாம். அதை அள்ளிப் பரிசோதிப்பதுதான் அவளுக்குக் கிடைத்த வேலை. "டுசல்டோர்ஃபில தண்ணி இல்லையோ?" என்று கேட்டேன். ரைன் ஆறு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் ஓடுகிறது.

ஆனால் நான் பயந்தது தண்ணீருக்கு இல்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விடுதியில் சப்பாத்தைக் கழற்றாமல் படுத்திருக்கிறோம். எங்கோ ஒரு விடுதிக்கு, வெளிநாட்டவரை வெறுக்கிறவர்கள் நெருப்பு வைத்துவிட்டார்கள் என்று அடிக்கடி செய்தி வரும். கட்டிலுக்கடியில் ஒரு வாளி தண்ணீர் வைத்திருப்போம். ஒரு வாளி தண்ணீர் எந்த நெருப்பை அணைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கிழக்குப் பக்கம் போகாதே என்பது அந்தக் காலத்திலிருந்தே எங்கள் ஆட்களின் பேச்சு. மேற்கிலும்தானே எரித்தார்கள் என்று மகள் வாதாடுவாள். அவள் சொல்வது சரிதான். சரியென்று தெரிந்தும் எனக்குப் பயம் குறையவில்லை.

"நாலு நாள் வந்து நிண்டு பாருங்கோ அம்மா," என்றாள். "பார்த்த பிறகும் நீங்கள் வேண்டாமெண்டு சொன்னா நான் போகேல்லை."

என் மகள் சொன்ன சொல் மாறுகிறவள் இல்லை. அடுத்த கிழமைக்குள் அவள் பதில் கொடுக்க வேண்டியிருந்தது. நான் அங்கே பார்க்கப் போகவில்லை, வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். என் கணவருக்கு வேறு கணக்கு. அவர் டிராம் ஓட்டுகிறவர். பனிக்காலக் கடைசியில் வருகிற கார்னிவல் நாட்களில் வேடம் போட்டு, குடித்துவிட்டு ஏறுகிற கோமாளிகளையும் அவர்கள் எடுக்கிற வாந்தியையும் கண்டு வெறுத்து, ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்தில் லீவு போட்டுவிடுவார். கார்னிவல் இல்லாத ஊர் என்று மகள் சொன்னதும் பெட்டியைக் கட்டிவிட்டார்.

நாங்கள் எடுத்திருந்த வாடகை வீடு ஒரு சிறிய தீவில் இருந்தது. காரைக் கரையில் விட்டுவிட்டு, பெட்டிகளைக் கைவண்டியில் வைத்து, மரப்பாலத்தால் தள்ளிக்கொண்டு போனோம். கூரை முகட்டில் முடி சூடிய இரண்டு மரப்பாம்புகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி நின்றன. பாம்புதான் வீட்டுக்குக் காவல் என்று வீட்டுக்காரம்மா சொன்னார். "எங்கட நயினாதீவு அம்மன் கோயில் பாம்பு மாதிரி," என்று என் கணவருக்கு ஒரே குளிர்ச்சி. நான் பாலத்தைப் பார்த்தேன். அங்கே வர ஒரே ஒரு பாலம். அதை யாராவது மறித்துக்கொண்டு நின்றால் தண்ணீரில்தான் குதிக்க வேண்டும். எனக்கு நீந்தத் தெரியாது.

பாலத்தடியில் ஒரு ஊர்ப்பலகை நின்றது. மேலே ஜேர்மன், கீழே சோர்பிய மொழி. அந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற சிறிய இனத்தின் மொழி அது. அந்தக் கீழ்வரியில் யாரோ கறுப்பு மை அடித்திருந்தார்கள். இந்த மாதிரித் தமிழ் எழுத்தில் மை பூசிய பலகையை இலங்கையில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. "சொந்தச் சனத்தின்ர எழுத்தையே விடாதவை எங்களை விடுவினமோ?" என்று கேட்டேன்.

"நீர் பேசாமல் வாரும்," என்றார் கணவர். ஆனால் அவரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் வந்தார்.

இரண்டாம் நாள் தோணியில் போனோம். தட்டையான, நீளமான தோணி. பின்னால் ஒரு நெட்டையான மனிதர் நின்றபடி கம்பு ஊன்றித் தள்ளினார். எங்களுக்குக் கம்பளி போர்த்திவிட்டு, இங்கே கோடையில் தபால்காரரும் தோணியில்தான் வருவார், தீயணைப்புக்காரரும் தோணியில்தான் வருவார் என்று கதை சொன்னார். இலையில்லாத மரங்கள் தண்ணீருக்குள் நின்றன. கொப்புகளிலிருந்து பனி உருகிச் சொட்டியது. அழகாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தீயணைப்புக்காரர் தோணியில் வந்து சேரும்வரை வீடு என்ன ஆகும் என்ற கேள்வியோடுதான் நான் அந்த அழகைப் பார்த்தேன்.

ஒரு வளைவில் எதிரே இன்னொரு தோணி வந்தது. நிறைய ஆண்கள், பியர்ப் போத்தல்கள், பாட்டு. மொட்டைத்தலை ஒருவன் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நான் மகளின் தலையைப் பிடித்துக் கீழே அமத்திவிட்டேன்.

"அம்மா," என்றாள் அவள், கம்பளிக்குள் இருந்து. "அவர் ஹலோ சொன்னவர்."

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக்கடையில் இறங்கினோம். தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, புளிக்காத தயிர்க்கட்டி மாதிரி ஒன்று, அதன்மேல் மஞ்சளாய் ஆளிவிதை எண்ணெய். கூடவே அந்த ஊர் பேர்போன வெள்ளரிக்காய் ஊறுகாய். "உறைப்பில்லாத ஊறுகாயை எதுக்கப்பா ஊறப்போட்டவை?" என்று கணவர் சட்டைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தார். மகள் சிரித்துக்கொண்டே பக்கத்து மேசைக்காரியிடம் ஏதோ கேட்டு, இரண்டு பேரும் தண்ணீரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவளுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது.

அன்று பின்னேரம் வீட்டுக்காரம்மா ஒரு கூடை முட்டையைக் கொண்டுவந்து நாளைக்கு என்று சொல்லி வாசலில் வைத்துவிட்டுப் போனார். நல்ல மனிசி, காலைச் சாப்பாட்டுக்குத் தந்திருக்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவ்வளவையும் ஒரே பானையில் அவியப் போட்டேன். குழம்பு வைக்கலாம் என்று எண்ணம். மகள் பாண் வாங்கப் பாலத்தைத் தாண்டிப் போயிருந்தாள். அவளுடைய போன் மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மேளம் கேட்டது. தண்ணீருக்கு மேலால் வரும் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடாது. குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அக்கரையில் ஒரு கூட்டம். உடம்பெல்லாம் வைக்கோல் கட்டிய ஒருவன். தாடியோடு ஒருவன் கல்யாணப்பெண் உடுப்பில். முகம் முழுக்கக் கரி பூசிய ஒருவன். சவுக்கைச் சுழற்றிச் சுழற்றி அடிக்கிற ஒருவன். அக்கரை வீட்டுக் கதவில் தடியால் இடித்துக் கத்தினார்கள்.

"கார்னிவல்தான்," என்றார் கணவர். "இஞ்சயும் வந்திட்டாங்கள்."

டுசல்டோர்ஃபில் கார்னிவல் பார்க்காதவர்களா நாங்கள்? ஆனால் அங்கே அவர்கள் தெருவில் ஆடுவார்கள், நாங்கள் கதவைச் சாத்திக்கொள்வோம். கதவுக்கு யாரும் வருவதில்லை. நான் இதைச் சொல்லத் திரும்பியபோது அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. கூட்டத்தின் முன்னால், உருளைக்கிழங்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டிய ஒருவன் வந்துகொண்டிருந்தான். மேளத்துக்குத் தாளமாக அவன் தலையை ஆட்டிக்கொண்டு வந்தான்.

யாழ்ப்பாணத்தில் அப்படிப்பட்டவனுக்குத் தலையாட்டி என்று பெயர். போர்க்காலத்தில் ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்களை வரிசையில் நிறுத்தி, சாக்கு மூடிய ஒருவன் முன்னால் ஒவ்வொருவராக நடக்க விடுவார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். என் கணவர் இருபது வயதில் அந்த வரிசையில் நின்றவர். சாக்கு அவரை வெகுநேரம் பார்த்தது. ஆடவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற கூட்டாளிக்கு ஆடியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்தக் கதையை அவர் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார்.

அவர் எழுந்துபோய் மேற்சட்டைப் பையில் எதையோ தேடினார். நான் மறுபடி ஜன்னலைப் பார்த்தேன். கூட்டம் பாலத்தில் ஏறிவிட்டது. நடுவில் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி. என் மகளுடைய தொப்பி. ஒரு பக்கம் கல்யாணப்பெண்ணும் மறுபக்கம் வைக்கோல்காரனும் அவளுடைய கைகளைப் பிடித்திருந்தார்கள். அவளுடைய கன்னத்தில் கறுப்பு.

எப்படி வெளியே போனேன் என்று தெரியாது. வெறுங்காலோடு, முட்டைக் கரண்டியோடு உறைந்த புல்லில் ஓடினேன். அவளை விடு, விடு என்று கத்தினேன். ஜேர்மனில் கத்தியதாகத்தான் இன்றைக்கும் என் நினைப்பு. இல்லை, முழுக்கத் தமிழ் என்கிறாள் மகள்.

மேளம் நின்றது. சவுக்கு நின்றது. சாக்குக்காரன் சாக்கைக் கழற்றினான். முந்தின நாள் எங்களுக்குக் கம்பளி போர்த்திவிட்ட தோணிக்காரர். வியர்வையில் தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"அம்மா, நாங்கள் டான்ஸ் ஆடிக்கொண்டு வாறம்," என்றாள் மகள் மெதுவாக. "இது இவையின்ர வழக்கம். குளிரை விரட்ட வீடு வீடாப் போறவை."

எனக்குப் பின்னால் கணவர் வந்து நின்றார். அந்த நாளில் ஆமிக்காரருக்கு நீட்டியது போல வலது கையை நீட்டினார். அதில் எங்கள் இரண்டு பேருடைய அடையாள அட்டைகளும் இருந்தன. சாக்கைக் கழற்றின பிறகும் அவர் கையை மடக்கவில்லை. தோணிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அட்டைகளை வாங்கி, எங்கள் நீளமான பெயரை வாய்க்குள் வாசித்துப் பார்த்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, காலை வணக்கம் சொன்னார். வேறு என்ன சொல்வதென்று பாவம் அவருக்கும் தெரியவில்லை.

எல்லோருடைய கன்னத்திலும் கரி தடவுவது கரிக்காரனுடைய வேலையாம், தடவினால் நல்லதாம். அவனுடைய கை என் முகத்துக்கு நேரே உயர்ந்தது. என் நிறத்தைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். அவனுக்கும் பயம். நான் சிரித்துக்கொண்டு கன்னத்தைக் காட்டியிருக்கலாம். ஆனால் நான் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள்தான் தன்னுடைய கன்னத்திலிருந்த கரியை ஒரு விரலால் எடுத்து என் கன்னத்தில் தடவினாள்.

அவர்கள் முட்டை கேட்டார்கள். வீடு வீடாக முட்டை வாங்கி, பின்னேரம் எல்லோரும் சேர்ந்து பொரித்துச் சாப்பிடுவார்களாம். வீட்டுக்காரம்மா கூடை வைத்தது அதற்குத்தான். "முட்டை எல்லாம் பானையில அவியுது," என்று நான் ஜேர்மனில் சொன்னேன். வைக்கோல்காரன் சிரித்தான். என் கணவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கட்டிலில் இருந்துவிட்டார்.

பின்னேரம் நானும் மகளும் பாலத்துக்குப் போனோம். என் பேச்சு நெஞ்சுக்குள் தயாராக இருந்தது. அப்பாவைப் பார்த்தாய்தானே, வேண்டாம் பிள்ளை என்று சொன்னால் போதும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தொடங்கிவிட்டாள்.

"இந்த இடத்திலதான் என்னைச் சுத்தி வளைச்சவை. எனக்குக் கை கால் எல்லாம் விறைச்சுப்போச்சு. அம்மா, நான் இஞ்ச பிறந்தனான். என்னை ஒருத்தரும் வரிசையில விட்டதில்லை. என்ர வீட்டை ஒருத்தரும் எரிச்சதில்லை. பிறகேன் எனக்கு விறைக்குது?"

நான் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"அது என்ர பயம் இல்லை. உங்கட பயம். நீங்கள்தான் எனக்குத் தந்தனீங்கள்." அழாமல்தான் சொன்னாள். "இஞ்சையும் கூடாத சனம் இருக்கும், எனக்குத் தெரியும். இருந்தா அதுக்கு நானே பயப்பிடுறன். உங்கட பயத்தையும் என்னாலே சேர்த்துத் தூக்க ஏலாது."

நான் அவளுக்குப் பால் கொடுத்தேன், தமிழ் கொடுத்தேன், சாப்பாடு கொடுத்தேன் என்று கணக்கு வைத்திருந்தவள். இதையும் கொடுத்தேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவள் சொன்னது கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. கோபம்கூட வந்தது. ஆனால் தயாராக வைத்திருந்த பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் காலை, கரையில் காரடியில் வைத்து அவள் கேட்டாள். "சொல்லுங்கோ அம்மா. வேண்டாமோ?"

கணவர் காரின் கண்ணாடியில் பிடித்த உறைபனியைச் சுரண்டுவது போல எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சுரண்ட அங்கே ஒன்றும் இருக்கவில்லை. என் பயம் ஒரு துளியும் குறையவில்லை. அந்த மரங்கள், அந்தத் தண்ணீர், அந்த ஒற்றைப் பாலம், கறுப்பு மை எல்லாம் அப்படியேதான் இருந்தன.

"போ பிள்ளை," என்றேன். "நல்ல இடமாத்தான் கிடக்கு. நான் சும்மா பயந்திட்டன்."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் சிரித்தேன். பிறகு அவளும் சிரித்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

இப்போது அவள் அங்கேதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துக் கதைப்பாள். நான் சாப்பாடு என்ன, குளிரோ என்று மட்டும் கேட்பேன். கதவைப் பூட்டினாயா, தனியாகவா வந்தாய் என்று கேட்பதில்லை. அம்மாவுக்கு இப்ப பயமே இல்லை என்று அவள் தகப்பனிடம் சொன்னாளாம். அவர் அதை என்னிடம் வந்து சொல்லிவிட்டு, நான் என்ன சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அப்படியே நினைக்கட்டும் என்று சொன்னேன்.